வள்ளிமலையும் மேல்பாடியும்: ஒரு நாள் தரிசனம்

வேலூர்ப் பக்கம் இருக்கும் வள்ளிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வள்ளிக்காகத்தான் போகிறார்கள். தினைப்புனம் காத்த இடம், கிழவன் வேடத்தில் முருகன் வந்த இடம் என்று மலை முழுக்க அவள் கதைதான். பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறினால், பெரும்பாறைக்கடியில் சுப்பிரமணியர் சந்நிதி. நல்ல தரிசனம். பை மட்டும் பத்திரம், குரங்குகள் விடாது.

அதே மலையில் சமணக் குகையும் இருக்கிறது. பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். கன்னடக் கல்வெட்டுகளும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் இங்கே சமணர்களுக்குப் பள்ளி, அதாவது வழிபாட்டிடம், அமைத்தான்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆயா, இவங்க முருகன் கோயில் சாமி இல்ல, சமணர்" என்றான்.

"இருக்கட்டுமேடா, தவம் பண்ணவங்கதானே?"

எனக்கு அம்மா பேச்சில் குறை தெரியவில்லை. யூடியூபில்தான் ஆளுக்கொரு கதை: ஒருவர் இதைச் சித்தர் குகை என்கிறார், இன்னொருவர் சமணரை விரட்டிவிட்டு முருகனை வைத்தார்கள் என்கிறார். இருவருமே எதிரில் இருக்கும் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை.

பழையதைத் தேடி எடுப்பதில் பக்தர்களும் சளைத்தவர்கள் அல்ல. அருணகிரிநாதர் முருகன் மீது பாடிய திருப்புகழை ஊர் ஊராகத் தேடி, வ.த. சுப்பிரமணிய பிள்ளை 1894இல் முதல் பாகத்தை அச்சிட்டார். அந்தத் திருப்புகழையே மந்திரமாகப் பாடிப் பரப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1950இல் மறைந்த அவருடைய சமாதி இந்த மலையில்தான் இருக்கிறது. அங்கே சற்று நேரம் உட்கார்ந்து, தெரிந்த திருப்புகழ் ஒன்றைப் பாடிவிட்டு இறங்கினோம்.

அப்புறம், பக்கத்திலேயே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனின் நினைவாக எழுப்பிய கோயில், இங்கே இருக்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்த மன்னர், என்று கல்வெட்டு அரிஞ்சயனைச் சொல்கிறது. சோழர் கதை சினிமாவாக வந்த பிறகு, இந்த மாதிரி இடங்களைத் தேடி வரும் பிள்ளைகள் அதிகம். என் மகனும் அந்த ரகம்தான். கல்வெட்டுச் சுவரை விட்டு நகரவே மாட்டேன் என்றான்.

எதிரில் சோமநாதர் கோயில், அதுவும் ராஜராஜன் எடுத்ததே. அம்மா தட்டை நீட்டி, "அந்தத் தாத்தா ராஜா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுங்க சாமி" என்றாள்.

குருக்கள் நட்சத்திரம் கேட்டார். மகன் செல்போனைத் துழாவினான், கிடைக்கவில்லை.

"சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று உள்ளே போனார் குருக்கள்.