பெல்லட் துப்பாக்கி

பறவை வேட்டைக்கான தோட்டாவைத்தான் 2010 முதல் காஷ்மீரில் போராட்டக் கூட்டத்தைக் கலைக்கப் பாதுகாப்புப் படையினர் பெல்லட் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரே தோட்டாவுக்குள் பெல்லட் எனும் நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகள். வெளியே வந்ததும் விரிந்து பறக்கும். காலுக்குக் குறிவைத்தாலும் எது யார் முகத்தில் பாயும் என்று சுடுபவருக்கே தெரியாது. தோலில் பட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். கண்ணில் பட்டால் அவ்வளவுதான். 2016-இல் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம், சின்னப் பிள்ளைகள் உட்பட. இதற்குப் பெயர் 'உயிர்க்கொல்லா ஆயுதம்'!

ரப்பர் குண்டும் ஒன்றும் சாது இல்லை. 1970-இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் படையினர் இறக்கினார்கள். தரையில் சுட்டு, எகிறிக் காலில் படவேண்டும் என்பது ஏற்பாடு. நேராகவே சுட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளுக்கு அங்கே 17 பேர் பலி.

அப்புறம் காஷ்மீரில் பெல்லட்டுக்கு மாற்றாக மிளகாய்க் காரம் அடைத்த பாவா குண்டுகள் வந்தன. பெல்லட்டும் கூடவே இருந்தது.