ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா: தோற்றமும் ஆயுளும்

ஐபோனில் ஒன்றையும் மாற்ற முடியாது என்ற பழைய பேச்சு இன்றைக்குப் பாதிதான் உண்மை. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முகப்புத் திரைக்கு விட்ஜெட்டைக் (ஆப்பைத் திறக்காமலே தகவல் காட்டும் சிறு பெட்டி) கொண்டுவந்தது. லிங்க்கைத் தட்டினால் தானாகத் திறக்கும் பிரவுசரையும் மெயில் ஆப்பையும் மாற்ற விட்டது. 2024-இன் ஐஓஎஸ் 18-இல் ஐகானை விரும்பிய கட்டத்தில் நகர்த்தி வைக்கலாம், நிறமும் ஏற்றலாம். (ஆண்ட்ராய்டுக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது.)

அதைத் தாண்டினால் சுவர்தான். ஐகானின் படத்தையே மாற்ற, ஷார்ட்கட்ஸ் ஆப்பில் அந்த ஆப்பைத் திறக்கும் ஒரு ஷார்ட்கட் செய்து, சொந்தப் படம் கொடுத்து, முகப்புத் திரையில் சேர்க்க வேண்டும். அதன் மேல் எத்தனை மெசேஜ் வந்திருக்கிறது என்று காட்டும் சிவப்பு எண் வராது. பெரும்பாலானோர் அலுத்துப்போய்ப் பழைய ஐகானுக்கே திரும்புவது இதனால்தான்.

ஆண்ட்ராய்டில் லாஞ்சரையே (முகப்புத் திரையை இயக்கும் ஆப்) கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதிலும் ஒரு முள் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல், பட்டனுக்குப் பதில் விரலால் திரையைத் தேய்க்கும் ஜெஸ்சர் அசைவுகள் போனோடு வரும் லாஞ்சரோடு பின்னிக் கிடப்பதால், வெளி லாஞ்சர் போட்டால் முகப்புக்குத் திரும்பும்போது திரை திக்கும். மூன்று பட்டன் முறைக்கு மாறினால் தொல்லை குறையும். லாஞ்சருக்குப் பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து விலக்கும் கொடுங்கள். இல்லையென்றால் சிஸ்டம் அதை அடிக்கடி மூடிவிட, ஐகான்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படும்.

அடுத்த படி பூட்லோடர், அதாவது போனை இயக்கும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல். அதன் பூட்டைத் திறந்தால்தான் வேறு ரோம் (நிறுவனம் தந்ததற்குப் பதிலான சிஸ்டம்) ஏற்ற முடியும். செட்டிங்ஸில் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அங்கே ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கிவிட்டு, பல போன்களில் கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் என்ற கட்டளைக் கருவி வழியாகத் திறக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் போன் ஏதோ ஒரு நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டது. திறந்த கணமே போனில் உள்ள அத்தனையும் அழியும். போன் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் தோற்பதால் பல வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கும். பல போன்களில் வீடியோவைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் வைட்வைனின் நிலை எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கும்; ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஹெச்டி போய்விடும். சாம்சங்கில் வேறு ரோம் ஏற்றினால் நாக்ஸ் ஃபியூஸ் (மென்பொருள் மாற்றப்பட்டதை நிரந்தரமாகக் குறிக்கும் பாதுகாப்பு அடையாளம்) எரிந்துவிடும். பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும், ரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது.

ஆயுள் கணக்குக்கு வருவோம். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டு அப்டேட் என்று வாக்கு. கணக்கு தொடங்குவது மாடல் சந்தைக்கு வந்த நாளில், நீங்கள் வாங்கிய நாளில் அல்ல. இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மீதி 5 தான். அதே நிறுவனத்தின் மலிவு மாடலுக்கும் அதே வாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிள் பக்கம், 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு ஐஓஎஸ் 18 கிடைத்தது. 2025-இன் ஐஓஎஸ் 26-இல் கதவு சாத்தப்பட்டது.

அப்டேட் நின்ற பிறகுதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரியும். ஆண்ட்ராய்டில் குரோமும் வெப்வியூவும் (ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதி) பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுவதால் பழைய போனிலும் பிரவுசர் பல வருடம் புதிதாகவே இருக்கும். ஐஓஎஸ்ஸில் இணையப் பக்கங்களைக் காட்டும் எஞ்சினான வெப்கிட் சிஸ்டத்தோடு வருவது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில விலக்குகளைத் தவிர, எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே அதே எஞ்சின்; சிஸ்டம் நின்றால் அதுவும் நிற்கும்.

பேட்டரியையும் பாருங்கள். ஐபோன் 14 வரை 500 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும், 15 முதல் 1000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அதற்குக் கீழே போய்விட்டால் போனை மாற்றாதீர்கள், பேட்டரியை மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன் லினேஜ்ஓஎஸ் (தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ரோம்) ஆதரிக்கும் மாடல்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பட்டியலில் இருக்கும் வரை, நிறுவனம் கைவிட்ட பிறகும் அந்த மாடலுக்குப் புது ஆண்ட்ராய்டு கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் சிப்) போன்றவற்றுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சிப் நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது. அதில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளை லினேஜ்ஓஎஸ்ஸால் அடைக்க முடியாது.