கடை வாசலில் அரிஸ்டாட்டில்

ஜூன் 14, 2025, சனி
அம்பாசமுத்திரத்தில் நல்ல சாரல். அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ இரண்டாம் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், நேர்மையானதைச் செய்து செய்துதான் நேர்மையானவன் ஆகிறான் என்கிறார். சரி, அப்படிச் செய்பவன் ஏற்கெனவே நேர்மையானவன்தானே? அதற்கும் பதில் வைத்திருக்கிறார். செயல் மட்டும் போதாது. தெரிந்து செய்யவேண்டும், அதற்காகவே விரும்பிச் செய்யவேண்டும், அசையாத குணத்திலிருந்து செய்யவேண்டும்.

சாயங்காலம் தெருமுனைக் கடையில் புதுப் பையன் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். தராசில் எண் அரைக் கிலோவைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டான். “ஏல, இன்னும் கொஞ்சம் போடுல” என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு பருப்பு போட்டான். அரிஸ்டாட்டில் கணக்கில் பையன் பாஸ் இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்
இன்று நடுநிலை. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் வீரம், கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் ஈகை. இதை இரண்டால் வகுக்கிற கணக்காக நினைப்பவர்கள்தான் அதிகம். (என் மாமா எந்தச் சண்டைக்கும் ஆளுக்குப் பாதி என்றுதான் தீர்ப்புச் சொல்வார்.) மைலோ என்ற மல்லனுக்குப் போதாத சாப்பாடு, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம் என்று சொல்லி அரிஸ்டாட்டிலே அதை மறுத்துவிடுகிறார்.

அண்ணாச்சியின் பற்று நோட்டும் அப்படித்தான். பீடி சுற்றும் அக்காவுக்குச் சனிக்கிழமை சம்பளம் வரும்வரை கேட்டதெல்லாம் உண்டு. அவர் வீட்டுக்காரர் வந்து நின்றால் தீப்பெட்டிகூடக் கடன் கிடையாது. ஆள் பார்த்து, நேரம் பார்த்து அளவு தெரிகிற அந்த அறிவுக்கு ஆறாம் புத்தகத்தில் பெரிய இடம் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி
எதிர்க்கட்சி. 1973-ல் உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேர், ஒருவர் ஒருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேசப் போகிறார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றிய பைபிள் கதை! வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமுகிறான். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாச்சு, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதுபோன்ற ஆய்வுகளை வைத்து தத்துவவாதி ஜான் டோரிஸ் 2002-ல் புத்தகமே போட்டார்: நிலையான குணம் என்று நாம் நம்புவது பெரும்பாலோரிடம் இல்லை, சூழ்நிலைதான் ஆட்டிவைக்கிறது என்று.

ஜூன் 22, ஞாயிறு
நேற்று சம்பள நாள், கடை வாசலில் நிற்க இடமில்லை. பையன் எண் தொட்டதும் கையை எடுத்தான். சில நேரம் தொடுவதற்கு முன்னாலேயே. அண்ணாச்சி திட்டவில்லை. அவனைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுத் தானே தராசுக்கு வந்தார். அதே கூட்டம், அதே கூச்சல். எண் தாண்டிய பிறகும் அவர் கை ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேதான் இருந்தது.

டோரிஸ் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. அந்த ஆய்வு ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தது. அரிஸ்டாட்டில் பேசுவது சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கத்தை. அப்படி ஊறியவர்கள் ஊர் நிறைய இருப்பதாக அவரும் சொல்லவில்லை. டோரிஸ் சொல்வதில் சரியான பாதி, சூழ்நிலையும் ஆட்டிவைக்கும் என்பது, அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கிறது. இனிமேல் சனிக்கிழமைக்கு வேண்டிய சீனி, ரவை எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரியே நிறுத்துக் கட்டிவிடவேண்டுமாம்.

“அப்ப வெள்ளிக்கிழம சீக்கிரம் போவ முடியாதா அண்ணாச்சி?” என்றான் பையன்.