கடிதத்தில் போடாத கையெழுத்து

சியாலோவை "நம்ம ஆள்" என்று எங்கள் அரங்கில் முதலில் சொன்னது நான்தான். அதனால்தான் டிரம்மர் தோழி கடிதத்தை நேராக என் ஒலி மிக்சர் மேசைக்குக் கொண்டுவந்தாள் போலும்.

பெர்லின் பண்பாட்டுத் துறை செனட்டர், அதாவது நகர அரசின் அமைச்சர், ஜோ சியாலோ பதவி விலக வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம். 2024 நவம்பர், நிதி வெட்டு அறிவிப்பு வந்த நேரம். அடுத்த ஆண்டின் பண்பாட்டு நிதியில் ஏறத்தாழ 13 கோடி யூரோ, சுமார் 12 சதவீதம், போகிறது. பெரிய ஓபரா அரங்குகள் எப்படியோ தாங்கிக்கொள்ளும். மானியத்தை நம்பி ஓடும் சிறிய மேடைகளில் முதலில் நின்றுபோவது, நிரந்தர வேலையில்லாத கலைஞர்களுக்குப் போகும் அழைப்பு.

"இவர் போனா மேடையே ஏறாத ஒருத்தர் வருவார். இவருக்காவது சவுண்ட் செக்னா என்னன்னு தெரியும்" என்றேன், கச்சேரிக்கு முன் நாங்கள் செய்யும் ஒலிச் சோதனையைச் சொல்லி.

"தெரிஞ்சவர் வெட்டினா குறைவா வெட்டுவாரா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

என் நம்பிக்கை ஆதாரமில்லாதது அல்ல. டோன் ஷ்டைனே ஷெர்பன் ராக் குழுவின் மேலாளராக இருந்த க்ளவுடியா ரோத், 2021இல் ஜெர்மன் கூட்டாட்சி அரசின் பண்பாட்டுப் பொறுப்புக்கு வந்தவர். மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள் என்று அவரைப் பார்த்தே நினைத்திருந்தேன். தோழியின் நினைவில் இருந்தவர் டிம் ரென்னர். யுனிவர்சல் இசை நிறுவனத்தின் ஜெர்மன் கிளைக்குத் தலைவராக இருந்து, 2014இல் பெர்லின் பண்பாட்டுச் செயலாளரானவர். பெர்லினின் ஃபோல்க்ஸ்ப்யூனே நாடக அரங்குக்கு அருங்காட்சியக உலகிலிருந்து கிறிஸ் டெர்கானைக் கொண்டுவர அவர் எடுத்த முடிவு நகரத்தையே இரண்டாக்கியது. டெர்கான் 2018இல் பாதியிலேயே வெளியேறினார்.

சியாலோ தொண்ணூறுகளில் மெட்டல் இசைக்குழுவில் பாடியவர். பிறகு யுனிவர்சலின் கீழ் ஏர்ஃபோர்ஸ்1 என்ற லேபிளை, அதாவது ஆல்பம் வெளியிடும் நிறுவனத்தை, நடத்தியவர். நான் பாடகரைப் பார்த்தேன், அவள் லேபிள்காரரைப் பார்த்தாள். லேபிளில், விற்காத ஆல்பத்துக்குப் பிறகு இன்னொன்று கிடைப்பது அரிது. எங்களுக்கோ, பாதி இருக்கை காலியாக இருந்தாலும் புது இசை ஒலிக்கட்டும் என்பதற்காகத்தான் அரசுப் பணமே வருகிறது. அரங்குகள் தொழில்முனைவோரைப் போலச் சிந்திக்க வேண்டும் என்று அவர் பேசியபோது அதில் வஞ்சகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தன் வாழ்க்கை கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னார். அப்படியானால் அவருக்கு சவுண்ட் செக் தெரிந்திருந்ததால் எங்களுக்கு என்ன ஆகியது?

2025 மே 2 அன்று அவரே விலகினார். இன்னும் வெட்டினால் நாடறிந்த பண்பாட்டு நிறுவனங்களையே மூட வேண்டி வரும் என்று காரணம் சொன்னார். செய்தியைக் கேட்டதும், பார்த்தாயா, மேடை தெரிந்தவர் ஒரு கட்டத்தில் எதிர்த்து நின்றுவிட்டார் என்று அவளுக்கு எழுத நினைத்தேன். எழுதவில்லை. முதல் வெட்டு அதற்குள் நடந்து முடிந்திருந்தது, எங்கள் அரங்கிலிருந்து அவளுக்கு அழைப்பு போவதும் நின்றிருந்தது. அவருக்குப் பின் வந்த சாரா வெடல்-வில்சனோ ஹான்ஸ் ஐஸ்லர் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். மேடை தெரியாத ஒருவர் வருவார் என்று நான் சொன்ன பயமும் நடக்கவில்லை.

ஆனாலும் கையெழுத்துப் போடாதது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெட்டு ஒரு செனட்டரின் தனி முடிவு அல்ல. பெர்லினை ஆண்ட கூட்டணி மொத்தமாக முன்னூறு கோடி யூரோ சேமிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்தக் கணக்கில் ஒருவரின் தலையைக் கேட்பது கோபத்தைத் தணிக்கும், அவளுக்கு ஒரு கச்சேரியைக்கூடத் திருப்பித் தராது. இதை நான் இப்போதும் நம்புகிறேன். கூடவே இன்னொன்றும் ஓடுகிறது: மே மாதம் சொன்ன "முடியாது" என்பதை அவர் நவம்பரிலேயே சொல்லியிருந்தால்? சொல்லவைக்கும் அழுத்தம் எங்களைப் போன்றவர்களிடமிருந்துதானே போயிருக்க வேண்டும்? விலகு என்று எழுதிய கடிதம் ஒருவரை எதிர்த்து நிற்கத் தூண்டுமா, இல்லை கூட்டணிப் பக்கமே இன்னும் ஒதுங்கவைக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டால், தூண்டும் என்றுதான் சொல்வாள்.