உண்ணிச்செடி தின்ற பசுவுக்குச் செய்த சிகிச்சை

புதிதாக வாங்கி வந்த பசு ஒன்று, எங்கள் மற்ற மாடுகள் தொடாமல் ஒதுக்கிய உண்ணிச்செடியின் தழையை மேய்ந்துவிட்டது. அச்செடியோடு பழகிய மாடுகள் வேறு புல் இருக்கும்வரை பொதுவாக அதில் வாய் வைப்பதில்லை. இடத்துக்குப் புதியவையும், பசியோடு மேய்ச்சலுக்கு விடப்படுபவையும்தான் பெரும்பாலும் அகப்படுகின்றன.

பசு முதலில் இரை எடுப்பதையும் அசை போடுவதையும் நிறுத்தியது. சாணம் இறுகியது, கண்ணின் வெண்பகுதி மஞ்சளானது, வெயிலில் நிற்க மாட்டாமல் நிழலைத் தேடித் தேடிப் போயிற்று. மூக்கு நுனி சிவந்து வெடித்ததைக் கண்டதும் கால்நடை மருத்துவரை அழைத்தோம். மேய்ந்த இடத்தில் கடிபட்டிருந்த கிளையை ஒடித்து வைத்திருந்ததும், இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் பித்த நிறமி மிகுந்திருந்ததும் நோயை உறுதி செய்ய அவருக்கு உதவின.

அவர் விளக்கியதில் என் மனத்தில் ஆழப் பதிந்தது ஒன்று: மேய்ச்சலை நிறுத்திவிட்டால் நஞ்சும் நின்றுவிடாது. இலையிலுள்ள லாண்டடீன் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கிப் பித்தநீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. கல்லீரல் கெட்டதும், மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றின் அசைவு அடங்குகிறது. அசைவு அடங்கியதால் தின்ற தழை நகராமல் அங்கேயே தேங்கி, மேலும் மேலும் நஞ்சை இரத்தத்தில் சேர்க்கிறது. பச்சைத் தீவனத்தின் பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஃபைலோஎரித்ரின், வழக்கமாகப் பித்தநீருடன் வெளியேற வேண்டியது, இப்போது வழியின்றித் தோலில் சேர்கிறது. வெயில் பட்டதும் அது தோலைப் புண்ணாக்குகிறது; நிறமி குறைந்த வெள்ளைப் பகுதிகளும் மடியும் காதும் முதலில் பாதிக்கப்படுவது அதனால்தான்.

ஆகவே, தேங்கிய நஞ்சைப் பிடித்து வைப்பதே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வீதம், அதாவது 300 கிலோ மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ, செயலூட்டப்பட்ட கரியைத் தாது உப்புக் கரைசலில் கலந்து, குழாய் மூலம் நேரே பெருவயிற்றுக்குள் மருத்துவர் செலுத்தினார். இவ்வளவு கரைசலை வாய்வழி வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால், இதை நாமாகச் செய்ய முயலக் கூடாது. கரி கிடைக்காத இடத்தில் பென்டோனைட் களிமண்ணும் அதே அளவில் பயன்படும். ஆனால் களிமண்ணின் பலன் தெரியச் சற்றுத் தாமதமாகும். நீரிழப்புக்கு இரத்தக் குழாய் வழியே திரவமும், தோல் புண்ணில் தொற்று ஏறாதிருக்க ஊசியும் போட்டார். நலமான மாட்டின் பெருவயிற்று நீரைச் செலுத்தியது, நின்று போன செரிமானம் மீள உதவியது.

எங்கள் பங்கு பராமரிப்புதான். பகல் முழுவதும் இருண்ட கொட்டகையில் கட்டி, பச்சைத் தீவனத்தை நிறுத்தி, உலர் தீவனமும் நிறையத் தண்ணீரும் வைத்தோம். புண்ணில் ஈ மொய்க்காமல் காத்தோம். மீண்டும் அசை போட்ட நேரத்தில்தான் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனாலும் கண்ணின் மஞ்சள் மறையும்வரை அதை வெயிலுக்கு விடவில்லை; செத்த தோல் உரிந்து புதுத் தோல் மூட இன்னும் நெடுநாள் ஆனது.

இப்போது புது மாடு வந்தால் வயிறு நிறையத் தீவனம் கொடுத்த பிறகே மேய்ச்சலுக்கு அனுப்புகிறோம். உண்ணிச்செடியை வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், வேரோடு தோண்டி எடுத்து, மாடுகள் அணுகாத இடத்தில் குவித்து அழிக்கிறோம்.