மோர்ஸ் சால்ட்டும் பர்மாங்கனேட்டும்

டெல்லியில் நம் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் படித்த யாருக்கும் பர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறந்திருக்காது. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு பட்டால் பழுப்புக் கறையாகிவிடும். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் அம்மாக்கள் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது மாங்கனீஸ் டையாக்சைடு என்பதும், லேபில் இருக்கும் ஆக்சாலிக் ஆசிடே அதைப் போக்கிவிடும் என்பதும் சார் சொல்லித்தான் தெரிந்தது.

சார் திருநெல்வேலிக்காரர். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். இந்திப் பிள்ளைகளுக்கு இந்தியில் ஒரு முறை சொல்லிவிட்டு, நம் மேசைப் பக்கம் வந்து தமிழில் சொல்வார். அந்தத் தமிழ் விளக்கத்தில்தான் எனக்குப் பாதி கெமிஸ்ட்ரி பிடிபட்டது.

பதினொன்றாம் வகுப்பில் டைட்ரேஷன், அதாவது பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு அளவு கண்டுபிடிப்பது: ஆக்சாலிக் ஆசிடுக்கு எதிராகக் காஸ்டிக் சோடா. காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டையாக்சைடையும் இழுத்துக்கொள்ளும், அதனால் அதன் எடையை நம்ப முடியாது. ஆக்சாலிக் படிகத்தை நம்பலாம். 3.15 கிராம் நிறுத்து 250 மி.லி.க்குக் கரைத்தால் 0.1 மோலார் கரைசல் தயார். நிறம் மாறி முடிவைக் காட்டும் இண்டிகேட்டர் ஃபினால்ஃப்தலீன். ஏன் மெத்தில் ஆரஞ்ச் கூடாது? வலுவற்ற அமிலம், வலுவான காரம், முடிவு pH 7-க்கு மேலே விழும். மெத்தில் ஆரஞ்ச் 4.4-க்குள்ளேயே நிறம் மாறி முடித்துவிடும். சரி, இது எல்லாப் பள்ளியிலும் சொல்லித் தருவதுதான்.

நம் சாரின் கைவண்ணம் பன்னிரண்டாம் வகுப்பில் தெரியும். பர்மாங்கனேட்டுக்கு இண்டிகேட்டரே வேண்டாம். பியூரெட்டில் மற்றக் கரைசல்களுக்கு மேற்பரப்பு வளைவின் அடியைப் பார்க்க வேண்டும். இது அடர்ந்த நிறம், அடி தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கோனிக்கல் ஃப்ளாஸ்கில் இரும்பு உப்பான மோர்ஸ் சால்ட்டும் நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிடும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஊதாவாக விரிந்து, ஃப்ளாஸ்கைச் சுழற்றியதும் காணாமல் போகும். ஒரு சொட்டில் மட்டும் இளம் ரோஜா நிறம் தங்கும். "கலர் வந்துட்டுன்னு நிறுத்தாதம்மா, நிக்குதான்னு பாரு" என்பார் சார்.

அப்புறம் கணக்கு. மாங்கனீஸின் ஆக்சிடேஷன் நம்பர், அதாவது அணுவின் எலக்ட்ரான் கணக்கு, +7-லிருந்து +2-க்கு இறங்குகிறது, ஐந்து எலக்ட்ரான் வரவு. இரும்பு +2-லிருந்து +3-க்கு ஏறுகிறது, ஒன்று செலவு. ஆகவே ஒரு பர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. சமன்பாட்டை மனப்பாடம் செய்ய அவர் விட்டதே இல்லை. மொய் நோட்டு மாதிரி, யார் எத்தனை கொடுத்தது, யாருக்கு எத்தனை வந்தது என்று எழுதச் சொல்வார். அமிலமும் காரமும் புரோட்டானைக் கைமாற்றிக்கொள்கின்றன, இங்கே எலக்ட்ரான் கைமாறுகிறது, அவ்வளவுதான் என்பார். இரண்டு தனித்தனிப் பாடங்களாக இருந்தவை எனக்கு அன்றைக்கு ஒன்றாயின.

ஜனவரிக் குளிரில் ஆக்சாலிக் ஆசிடைப் பர்மாங்கனேட்டோடு செய்யும் நாள்தான் கஷ்டம். ஃப்ளாஸ்கை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி உடனே பியூரெட்டுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். ஆறிவிட்டால் வினை மந்தமாகி, முடிவு வரும் முன்பே ரோஜா நிறம் நின்று ஏமாற்றும். சூடாக இருந்தாலும் முதல் சொட்டுகள் நிறம் இழக்க நேரம் எடுக்கும். பிறகு சட்சட்டென்று மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை விரைவுபடுத்துகிறது. ஃப்ளாஸ்கில் பழுப்பாகக் கலங்கினால் சார் தூரத்திலிருந்தே "ஆசிட் பத்தல" என்று சொல்லிவிடுவார். அமிலம் போதாவிட்டால் மாங்கனீஸ் +4-லேயே நின்றுவிடும். ஹைட்ரோகுளோரிக் ஆசிடை ஏன் ஊற்றக் கூடாது என்பதற்கும் அதே நோட்டுதான் பதில்: பர்மாங்கனேட் குளோரைடிடமிருந்தும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், அளவு தப்பும்.

நான்கு கந்தக அணுக்கள் உள்ள டெட்ராதயனேட்டில் கந்தகத்தின் ஆக்சிடேஷன் நம்பர் 2.5 என்று வந்தபோது, அரை எலக்ட்ரான் எப்படி என்று வகுப்பே கேட்டது. சார் நான்கு கந்தகத்தையும் வரிசையாகப் போர்டில் வரைந்தார். ஓரத்தில் இருப்பவை இரண்டும் +5, நடுவில் இருப்பவை இரண்டும் பூஜ்யம், சராசரி 2.5. எந்த அணுவும் அரையைச் சுமக்கவில்லை.

இப்போது மெல்பர்னில் நீர்ப் பரிசோதனை லேபில் வேலை. கழிவுநீரில் சி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, பார்க்க டைக்ரோமேட்டோடு அமிலத்தில் கொதிக்க வைத்து, மீந்த டைக்ரோமேட்டை ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய்யும் முறை உண்டு. அது வேறு யாருமில்லை, நம் மோர்ஸ் சால்ட்டேதான். குரோமியம் +6-லிருந்து +3-க்கு. ஒரு டைக்ரோமேட்டுக்கு ஆறு இரும்பு. இண்டிகேட்டரான ஃபெராயின் நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். காளிந்தி குஞ்சில் யமுனை நுரைத்து ஓடும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீரின் சி.ஓ.டி. என்ன இருக்கும் என்றுதான் என் மனம் போகும்.

நம் பழைய மாணவர் சங்கம் இந்த ஆண்டு பள்ளிக்கு ஏதாவது செய்வதென்றால் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் பியூரெட் வாங்கிக் கொடுப்போம், பிள்ளைக்கு ஒன்று. ரப்பர் குழாய் வைத்தது வேண்டாம், பர்மாங்கனேட் ரப்பரைத் தின்றுவிடும். கண்ணாடித் திருகு வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். என் பங்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.