ஹோல்டரோடு இலவசமாக வந்த கேபிள்

சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் வீவக குடியிருப்பின் பலமாடிக் கார்ப்பேட்டையில் ஐந்தாம் தளம். ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை, பக்கத்தில் மனைவி, பின்னால் மாமனாரும் பத்து வயது மகளும். முதலில் தேக்காவில் காய்கறி, அங்கிருந்து நேரே கல்யாண மண்டபம். சரிவுப்பாதையின் இரண்டாவது வளைவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஹோல்டர், ஃபோனைக் கட்டிப்பிடித்தபடியே, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

“நேத்துதானேங்க ஒட்டுனீங்க?”

“ஃபோன் கனம், மாப்பிள்ளை. அந்தக் காலத்து நோக்கியான்னா இப்படி விழுமா?” என்கிறார் மாமனார். அந்தக் காலத்தில் அந்த நோக்கியாவை யாரும் கண்ணாடியில் ஒட்டவில்லை என்பதை எடுத்துச் சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. மிதிக்கடியில் ஃபோன் மாட்டினால் பிரேக்கே பிடிக்காது என்பதால், முதலில் வண்டியை ஓரமாக நிறுத்துகிறார். அதுவரை சரி.

கணக்குப் பார்த்தால் ஃபோன் நிரபராதி. இன்றைய பெரிய ஃபோன் உறையோடு சேர்ந்தும் 300 கிராமைத் தாண்டுவது அபூர்வம். ஹோல்டரைக் கண்ணாடியில் பிடித்துவைக்கும் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்‌ஷன் கப்பின் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளே காற்றே இல்லையென்றால் 38 கிலோ வரை தாங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்து வயதையே தொங்கவிடலாம் (வேண்டாம்). அப்படிப்பட்ட கப் 300 கிராமுக்கு விழுகிறது என்றால், காற்று எங்கேயோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

டேஷ்போர்டில் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். தோல் மாதிரி தெரியட்டும் என்று அதன்மேல் வரிவரியாகப் பதித்திருக்கிறார்களே, அந்த ஒவ்வொரு வரியும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். கண்ணாடி தேவலை. ஆனால் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டையும் அதற்குள் புள்ளி புள்ளியாகவும் இருக்குமே, அது சுட்டு ஒட்டிய பூச்சு, வழவழப்பு கிடையாது. பாதி கப் அந்தப் புள்ளிமேல் உட்கார்ந்தால் ஒரு நாள்தான் ஆயுள். அடுத்தது வெயில். மதியம் திறந்தவெளியில் நிறுத்திய காரில் கப்புக்குள் மிச்சமிருக்கும் துளிக் காற்று சூடேறி விரியும், ரப்பர் இளகும், ஓரம் கிளம்பும். விழுவதென்னவோ சாயங்காலம், யாராவது வேகத்தடையைத் தாண்டும்போது. பழியும் வேகத்தடைக்கே போகும்.

கைநீளமான ஹோல்டர் இன்னும் மோசம். கண்ணாடிக்கும் ஃபோனுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் தண்டு இருந்தால் அது நெம்புகோல். ஒவ்வொரு குலுக்கலும் கப்பின் மேல் ஓரத்தை உரித்தெடுக்கப் பார்க்கும். கடையில் நிற்கும்போது நீளமானதுதான் கம்பீரமாகத் தெரியும். குட்டையானதை வாங்குங்கள்.

ஒட்டும் முறை ரொம்பச் சாதாரணம், அதனாலேயே யாரும் செய்வதில்லை. ஊசி போடுமுன் துடைக்கும் ஆல்கஹால் துண்டு மருந்துக்கடையில் பெட்டியாகக் கிடைக்கும். அதில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடையுங்கள். கப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, தானாகக் காயவிடுங்கள். டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் அதன் பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றுக்கு வழிவிடும். பிறகு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நெம்பைப் பூட்டுங்கள். மாமனார் சிபாரிசு செய்யும் எச்சில் வைத்தியம் பொய்யில்லை. ஈரம் இடைவெளியை அடைக்கிறது, காய்ந்ததும் திறந்துவிடுகிறது. அதாவது அடுத்த கார்ப்பேட்டை வரை.

டேஷ்போர்டில்தான் வேண்டும் என்று பிடிவாதமென்றால் பசைப்பட்டை போட்ட வட்டத் தட்டு எடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கார் கழுவுமிடத்தில் டேஷ்போர்டு பளபளக்க ஒரு தெளிப்பான் அடித்துவிடுவார்களே, அதில் பெரும்பாலும் சிலிகோன் இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. ஆல்கஹால் துண்டு இரண்டு மூன்று செலவானாலும், துணியில் வழுக்கல் இல்லாமல் வரும்வரை துடையுங்கள். நல்ல அக்ரிலிக் நுரைப் பட்டை ஒட்டிய 20 நிமிடத்தில் பாதி வலுவைத்தான் எட்டும். 24 மணி நேரத்தில் 90 விழுக்காடு, முழு வலுவுக்கு மூன்று நாள். ஒட்டிய கையோடு ஃபோனை மாட்டிப் பார்ப்பவர்கள் ஈரச் சிமெண்டில் நடக்கிறவர்கள். கொதிக்கும் டேஷ்போர்டிலும் ஒட்டாதீர்கள். பலமாடிக் கார்ப்பேட்டையின் நிழலான கீழ்த்தளத்தில் சாயங்காலமாகச் செய்யுங்கள். எடுக்க நினைத்தால், ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடேற்றி, பல்லிடுக்கு நூலைப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி அறுக்கலாம். வாகன உரிமைச் சான்றிதழுக்கு மட்டுமே சில ஏலங்களில் லட்சம் வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் காரின் டேஷ்போர்டில் எட்டு வெள்ளித் தட்டு வட்டத் தழும்பு போட்டால் மனசு கேட்காது. வாடகைக் காரென்றால் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

ஏர்கான் துவாரத்தில் மாட்டும் வகைக்கு இந்த ஊரில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐஃபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் அதெல்லாம் சீக்கிரம் தாண்டிவிடும். முதலில் திரை மங்கும், அப்புறம் சார்ஜ் நிற்கும், கடைசியில் வெப்பநிலை எச்சரிக்கை வரும். துவாரத்தின் குளிர்காற்று இதைத் தடுக்கும். ஆனால் வெறும் கவ்வியாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு உடையும். தகட்டுக்குப் பின்னால் கொக்கி போட்டுத் திருகி இறுக்கும் வகைதான் நிற்கும், கீழே டேஷ்போர்டில் ஊன்ற ஒரு காலும் இருந்தால் இன்னும் நல்லது. வட்டத் துவாரமென்றால் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

இதில் ஒரு சிங்கப்பூர் வேடிக்கையும் உண்டு. நாற்பது நிமிடம் குளிர்காற்றில் நனைந்த ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டப வாசலில் இறங்கினால், வெளியே உள்ள புழுக்கத்தில் லென்ஸ்மேல் பனி படியும். பொண்ணு மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும் முதல் பத்துப் படமும் கனவுக்காட்சி மாதிரி வரும். இரண்டு மூன்று நிமிடம் சும்மா விட்டாலே தெளிந்துவிடும்.

எங்கே ஒட்டுவது? ஓட்டுநர் நமக்கு வலப்பக்கம். ஈஆர்பி 2.0 என்ற சாலைக்கட்டணக் கருவியின் திரையை ஏற்கெனவே முன்னால் பொருத்திக்கொண்டவர்களுக்கு அந்தத் திரை நிற்கும் இடம் மிஞ்சாது. பயணியின் முன்னால் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று பொறித்த மூடிமேல் எதையும் ஒட்டக்கூடாது. பை விரியும் வேகத்தில் ஹோல்டர் கல்லெறி மாதிரி கிளம்பும். மிஞ்சுவது நடுப்பகுதியின் தாழ்வான இடம்தான். 2015 பிப்ரவரியிலிருந்து, ஓடும் வண்டியில் ஃபோனையோ டேப்லெட்டையோ கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹோல்டரில் இருப்பதற்கு அந்தச் சட்டம் பாயாது. விழுந்த ஃபோனை ஓட்டிக்கொண்டே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் பாயும்.

மோட்டார்சைக்கிளில் உட்லண்ட்ஸ் வழியாகத் தினமும் போய்வருகிறவர்களுக்கு ஒரு வரி. இஞ்சினின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. அதிர்வு தாங்கும் துணைப்பாகம் இல்லாமல் ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். காந்த ஹோல்டர்காரர்களுக்கும் ஒன்று: ஐஃபோன் 12க்கு முந்தியவற்றில் காந்த வளையம் கிடையாது. அதற்காக உறைக்குள் இரும்புத் தகடு வைத்துவிட்டு ஒயர்லெஸ் சார்ஜும் போட்டால் தகடுதான் சூடாகும், பேட்டரி ஏறாது.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வருவோம். மாப்பிள்ளை முழுத் தாலிகட்டையும் 4கேயில் எடுத்திருக்கிறார். மாமனாருக்கு அது கம்ப்யூட்டரில் வேண்டும், “பெரிசா” பார்க்க. காரிலிருந்து கேபிளை உருவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரில் செருகுகிறார். ஃபோனில் மின்னல் குறி வருகிறது, சார்ஜ் ஏறுகிறது. கம்ப்யூட்டரோ வாயே திறக்கவில்லை.

“கம்ப்யூட்டர் பழசு, மாப்பிள்ளை.”

பழசில்லை, மாமா. அந்தக் கேபிள் ஹோல்டரோடு இலவசமாக வந்தது. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜ் கேபிளில் தகவல் கம்பி இரண்டையும் போடாமலே விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். காரிலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம்: ஃபோனைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ ஒயரில் வேலை செய்யாமல் சார்ஜ் மட்டும் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தபாவிலோ வாங்கும்போது ‘டேட்டா’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘60 வாட்’ என்ற கொட்டை எழுத்து சார்ஜ் வேகத்தைத்தான் சொல்கிறது.

நல்ல கேபிளைப் போட்ட பிறகும் ஆண்ட்ராய்டு ஃபோன் உடனே கதவைத் திறக்காது. பாதுகாப்புக்காக ‘சார்ஜ் மட்டும்’ என்ற நிலையில்தான் இணையும். திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, யூஎஸ்பி வரியைத் தட்டி, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் விண்டோஸில் ஃபோனின் பெயர் முளைக்கும். கேமரா படங்கள் ‘டிசிஐஎம்’ கோப்புறையில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம்.வாட்ஸ்அப்’ என்று ஆழத்தில் ஒளிந்திருக்கும். மூவாயிரம் படமுள்ள கோப்புறையைத் திறந்தால் பச்சைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஃபோன் கம்ப்யூட்டரோடு பேசும் எம்டிபி முறை தம்ப் டிரைவ் மாதிரி இல்லை, ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் ஃபோனிடம் கேட்டுக் கேட்டுத்தான் வரும். கோப்பி கலக்கிக்கொண்டு வாருங்கள். ‘கட்’ மட்டும் செய்யாதீர்கள். ‘காப்பி’ செய்து, இரண்டு வீடியோவை ஓட்டிப் பார்த்து, அப்புறம் ஃபோனில் அழியுங்கள். பாதியில் கேபிள் அசைந்தால் ‘கட்’ செய்த கோப்பு எந்தப் பக்கமும் முழுசாக இல்லாமல் போகலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி நேராகத் திறக்காது, ஓப்பன்எம்டிபி போன்ற இலவசச் செயலி வேண்டும்.

மனைவியின் ஐஃபோனில் வேறு கூத்து. ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்று ஃபோன் கேட்கும்போது, பூட்டைத் திறந்து ‘டிரஸ்ட்’ கொடுக்காவிட்டால் கோப்புறை காலியாகத் தெரியும். கொடுத்த பிறகும் இருபது படம் போனதும் ‘எ டிவைஸ் அட்டாச்ட் டு த சிஸ்டம் இஸ் நாட் ஃபங்ஷனிங்’ என்று விண்டோஸ் கைவிரிக்கும். காரணம் 2017இல் ஐஓஎஸ் 11 கொண்டுவந்த எச்இஐசி என்ற பட வடிவம். படத்தை ஜேபெக்காகவும் வீடியோவைப் பழைய வடிவிலும் மாற்றி மாற்றி அனுப்பப் பார்த்து ஃபோன் திணறுகிறது. செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பக்கத்தின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ இருக்கும், அதை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து ‘கீப் ஒரிஜினல்ஸ்’க்கு மாற்றுங்கள். புதிய ஐஓஎஸ்ஸில் ஃபோட்டோஸ், ‘ஆப்ஸ்’ என்ற தலைப்புக்குள் போய்விட்டது. எச்இஐசி படத்தைத் திறக்கக் கம்ப்யூட்டர் கூடுதல் இணைப்பு கேட்கலாம், அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுக்கலாம். பாதிப் படங்களைக் காணோமென்றால் ‘ஆப்டிமைஸ் ஐஃபோன் ஸ்டோரேஜ்’ போட்டிருக்கிறீர்கள். அசல் ஐகிளவுடில் இருக்கிறது, ஃபோனில் இருப்பது சின்ன நகல்.

அளவைச் சொல்லிவிடலாம். ஐஃபோனின் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி. நாற்பது நிமிடச் சடங்கு 6.8 ஜிபி. யூஎஸ்பி 2.0 கேபிளில் நிஜத்தில் நொடிக்கு 30, 35 எம்பி ஓடும், அதாவது மூன்று நான்கு நிமிட வேலை. அதே வீடியோவை மாமனாரின் பழைய தம்ப் டிரைவில் போட முயன்றால், எட்டு ஜிபி காலியாக இருந்தும் ‘கோப்பு பெரிது’ என்று மறுக்கும். ஃபேட்32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் தீர்ந்தது.

ஒயரே வேண்டாமென்றால் ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் குவிக் ஷேர், ஐஃபோனுக்கும் மேக்குக்கும் ஏர்டிராப், எல்லாவற்றுக்கும் பொதுவாக லோக்கல்சென்ட். லோக்கல்சென்டுக்கு இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தாளி வைஃபையில் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுப்பு போட்டிருப்பார்கள், அதில் எத்தனை முறை தேடினாலும் பெயர் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். படமாக அனுப்பினால் அழுத்திச் சுருக்குவதோடு எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும்.

நகலெடுப்பு முடிகிறது. மாமனார் பெரிய திரையில் தாலிகட்டைப் பார்த்து, “நாதஸ்வரக்காரர் முகம் நல்லா விழுந்திருக்கு” என்கிறார். புதிதாக வாங்கிய டேட்டா கேபிளின் நுனியில் மகள் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைக்கிறாள், மாறிப்போகாமல் இருக்க.

“இது கம்ப்யூட்டருக்கு. காருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அப்பா.”

“எடுக்க மாட்டேன்மா.”

திங்கட்கிழமை காலை சிவப்புப் புள்ளி கார் சார்ஜரில் தொங்குகிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் இருப்பது இலவசக் கேபிள்.